பெட்டிக்குள் யார் வண்டி?

மார்ச் 6, வெள்ளி

துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, நாளைக்கு எந்த வழி என்று வரைபடம் பார்க்க வேண்டாம். இதற்கு மேல் ரோடு கிடையாது, தண்ணீர்தான்.

அறை இரண்டாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மின்விசிறியை மூன்றில் வைத்தால் கழன்று தலையில் விழுவது போல ஆடுகிறது. இரண்டில் வைத்தால் காற்று வருவதாக நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பைக்கை ஊருக்கு அனுப்பக் கப்பல் ஏஜெண்டைப் பார்த்தேன். ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்கிறார். மரப்பெட்டி செய்ய எத்தனை நாள்? ஆயிடும். சுங்கச் சோதனை? ஆயிடும். ஆகவே இந்த நோட்டில் அவர் பெயர் இனி ஆயிடும். அவர் மொழி எனக்கு வராது, என் மொழி அவருக்கு வராது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழியில் பேசுகிறோம். என் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

வேலை கொஞ்சமில்லை. வண்டியை ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவ வேண்டும், டேங்கைக் காலி செய்ய வேண்டும், பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், பெட்டி அடிக்க வேண்டும். அதன்பின் சுங்கத்தில் வண்டியைப் பார்த்து மஞ்சள் புத்தகத்தில் முத்திரை குத்துவார்கள். மனுஷிக்கு ஒரு பாஸ்போர்ட் என்றால் வண்டிக்கு இந்த மஞ்சள் புத்தகம். நாட்டுக்குள் வரும்போது ஒரு முத்திரை, போகும்போது ஒரு முத்திரை. கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் கடைசி நாள் 14. என் விசா 24 வரை. தாராளமாக நேரம் இருக்கிறது.

போன மாதம் வரை இன்னொரு வண்டியில் என்னோடு வந்த அண்ணி, இதே ஆயிடும் மூலமாகத்தான் பதினெட்டு நாள் முன்னால் தன் வண்டியைக் கப்பலேற்றிவிட்டு விமானம் ஏறினார். "உங்க அண்ணி தங்கமானவங்க. ஒரு கேள்வி கேக்கல" என்றார். ஊரே அப்படித்தான் சொல்லும்.

மார்ச் 7, சனி

நாள் முழுக்கக் கழுவினேன். பல் துலக்கும் பிரஷ் இரண்டு தேய்ந்து போயின. மட்கார்டின் உள்பக்கம், செயின் மூடி, கால் வைக்கும் ரப்பரின் இடுக்கு, எங்கே குத்தினாலும் மண். நாலு நிறத்தில் ஓடியது. தண்ணீர்க் குழாய் வைத்திருந்தவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். ஆமாம், மாப்பிள்ளை வீடு ரொம்பக் கறார் என்றேன்.

கழுவும்போது கைதான் வேலை செய்கிறது, மனசு சும்மா கிடக்கிறது. அதுதான் தொல்லை.

அண்ணி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். விடுப்பை நீட்டித் தர மாட்டோம் என்று கடிதம் வந்தது, அண்ணனும் கிளம்பி வா என்றான். எனக்கு இன்னும் மூன்று வாரப் பயணம் பாக்கி, வடக்கே மலைச்சாலை பாக்கி. வா என்றால் வரவில்லை. நான் சொன்னேன்: "அண்ணன் விசிலடிச்சா ஓடறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "உனக்குத் திரும்பிப் போக யாரும் இல்ல. அதான் உனக்கு அவசரமில்ல."

நாற்பத்திரண்டு வயதில், ஒரு கல்யாணம் முடிந்து கோர்ட் காகிதமாகிப் போனவளிடம் பேசுகிற பேச்சா இது? பிறகு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். இரண்டு தடவை. பார்த்தேன். பதில் போடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

துறைமுகம் விடுமுறை. துணி துவைத்தேன். அண்ணன் கூப்பிட்டிருந்தான், எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

பெட்டிக்காரர் வந்தார். பேச்சே இல்லை. அளவு நாடாவை வண்டியின்மேல் நீளமாக, குறுக்காக, உயரமாக வைத்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார், முன் சக்கரத்தைக் காட்டி விரலைச் சொடுக்கினார். கழற்று என்று அர்த்தமாம். பெட்டி சின்னதாக இருந்தால்தான் கப்பலில் இடம் சுலபமாகக் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றினோம். ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்பி டேங்கின்மேல் சாய்த்தோம். பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் என் இரண்டு சட்டைகளில் சுற்றி உள்ளே செருகினேன். பதினாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறேன், ஒரு வண்டியைக் கைகால் மடக்கிப் படுக்கப் போட்டது இன்றுதான்.

மூன்று பக்கம் பலகை அடித்தாயிற்று. ஒரு பக்கம் திறந்தே இருக்கிறது. "அவங்க பாத்தப்புறம்தான் ஆணி" என்றார். நாள் முழுக்க அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்.

மார்ச் 10, செவ்வாய்

எழுத்து கோணுகிறது, போகட்டும்.

காலை பத்தரைக்குச் சுங்க அதிகாரி வந்தார். பெண். என்னைவிடச் சின்னவர். கையில் டார்ச். வந்தவுடன் நம்பர் பிளேட்டைப் பார்த்து, புத்தகத்தைப் பார்த்து, தலையாட்டினார். ஆயிடும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தார். இந்த ஒன்பது மாதத்தில், பத்துப் பன்னிரண்டு எல்லைகளில், ஒருவர்கூட முட்டி போடவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு, ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியைத் துணியால் துடைத்தார். மெல்லிய தாள் ஒன்றை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வண்டிச் சட்டத்தில் கம்பெனிக்காரர்கள் வெட்டியிருக்கும் சேசிஸ் நம்பர் தாளில் ஒவ்வொன்றாக மேலே வந்தது. தாளையும் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க வண்டி இல்லையே" என்றார்.

கடைசி இரண்டு எண்கள் வேறு. என் புத்தகத்தில் 38. தாளில் 61.

அவர் தன் அறைக்குப் போய்க் கணினியில் பார்த்துவிட்டு வந்தார். "61 போன மாசம் பதினாறாம் தேதியே நாட்டை விட்டுப் போயாச்சு."

"இதோ நிக்குதே மேடம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டி திருட்டுப் பொருளா என்று விசாரிக்க வேண்டுமாம். எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஆயிடும் தன் மூன்று பேனாவையும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் செருகினார்.

மாலை. கொஞ்சம் நிதானம் வந்த பிறகு எழுதுகிறேன்.

61 என்ற எண்ணைக் கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் முழித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. 38 என் பெயரில், 61 அண்ணி பெயரில். ஐந்து மாதம் முன்னால் சேற்றில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது. என் வண்டியின் ஹேண்டில் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. "அதை எனக்குக் குடு. மருந்துப் பெட்டி தூக்கித் தூக்கி எனக்குத் தோள் பழகிடுச்சு" என்று அண்ணி அதை எடுத்துக்கொண்டார், நல்லதை எனக்குக் கொடுத்தார். மறுநாளே எல்லை. யார் பெயரில் புத்தகமோ அவர்தான் அந்த நம்பர் வண்டியில் வர வேண்டும். அதற்கு இந்தப் புத்திசாலி என்ன செய்தாள்? இரண்டு பிளேட்டையும் கழற்றி மாற்றிப் பூட்டினாள். "யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று கேட்டது நான். ஸ்பேனர் பிடித்தது நான். நாலு போல்ட், பத்து நிமிட வேலை.

யாரும் குனியவில்லை. பிறகு ஹேண்டிலைச் சரிசெய்தோம், மணிக்கட்டும் சரியாயிற்று. அதற்குள் அவரவர் உட்காருகிற இடம், பை மாட்டுகிற இடம் எல்லாம் பழகிவிட்டது. மறுபடி மாற்றிக்கொள்ளவே இல்லை. நாளடைவில் மறந்தே போனோம். நிஜமாகவே மறந்து போனோம், இரண்டு பேரும். அண்ணி "தன்" வண்டி என்று கப்பலேற்றியது என் 38ஐ. அன்றைக்கு இருந்த அதிகாரி பிளேட்டைப் பார்த்ததோடு விட்டிருக்கிறார்.

மார்ச் 11, புதன்

ஆயிடும் அலுவலகம். டைப்படிக்கிற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிளேட்டை மாத்தினது யாரு?"

சொன்னேன்.

"அதை எழுதினா வண்டியும் போகும், உங்க மேல கேஸும் வரும். விசா 24ஆம் தேதி முடியுது. கேஸ் இருந்தா ஊருக்கு விடமாட்டாங்க. பேசாம அண்ணி மாத்தினாங்கன்னு எழுதுங்க. உங்களுக்குத் தெரியாம மாத்தி, உங்க வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க ஊர் போய்ச் சேர்ந்தாச்சு, இங்கருந்து யாரு போய்ப் பிடிக்கப் போறா? பேப்பர்ல ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்."

அண்ணியின் முழு விவரம் கேட்டார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

பயம். பாஸ்போர்ட் இல்லாமல் தெருவில் நடந்தால் சட்டை போடாமல் நடப்பது போல இருக்கிறது. பயம் மட்டும்தானா? பொய் எதற்கு, இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள். கையெழுத்துப் போடும்போது உள்ளே ஒன்று சொல்லிற்று — திரும்பிப் போக யாரும் இல்லாதவதானே நான். போட்டுட்டேன் போங்க.

பகல் பன்னிரண்டு மணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "எங்கடி இருக்க, போனை எடுக்க மாட்டியா? உங்க அண்ணி வர்ற திங்கக்கிழமை வண்டி எடுக்கப் போறா. அந்த ஒரு நாள் லீவு வாங்கறதுக்குள்ள அவளுக்கு உயிர் போச்சு. சரி, பத்திரமா வந்து சேரு."

திங்கட்கிழமை. நேற்று அது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? எங்கள் ஊர்ச் சுங்கத்தில் வண்டியை எடுக்க உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: இது என் வண்டிதான், எண் 61 என்று. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு போடுவார். பெட்டியைத் திறந்தால் 38.

நேற்றுக் கையெழுத்திட்ட தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். அடியில், நேற்று நான் படிக்காத இரண்டு வரி. நகல்: சொந்த நாட்டுச் சுங்கத் துறைக்கு. நகல்: அவர் பணிபுரியும் மருத்துவமனைக்கு.

அரசு ஊழியர். நாத்தனாரின் வண்டியைத் திருடிப் பொய் உறுதிமொழி கொடுத்தவர். மறுநாளே வேலையிலிருந்து நிறுத்துவார்கள். இருபத்தோரு வருஷச் சர்வீஸ்.

ஆயிடுமிடம் ஓடினேன். திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றேன். அந்த மனிதர் முதல் தடவையாக, "ஆகாதும்மா" என்றார். நேற்றே கொடுத்துவிட்டாராம்.

சுங்க அலுவலகத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டார்ச் அம்மா கிடங்கில் இருந்தார். அவர் வந்தபோது ஐந்து அடிக்கப் போகிறது, பியூன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தாள் வாங்கி என் கையால் எழுதினேன். பிளேட்டுகளை மாற்றியது நான் மட்டுமே, என் யோசனை, நேற்று எழுதியது பொய்.

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நாளைக்கு?"

"நாளைக்கும் இதேதான்."

"பொய் எழுதிக் குடுத்ததும் தனிக் குத்தம். தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது, ஆனாலும் சொன்னேன். நேற்றைய தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். என் கிறுக்குத்தனத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. "கோப்புல ஏறினதைக் கிழிக்க முடியாது. மருத்துவமனைக்குப் போற நகலை மட்டும் நிறுத்தறேன், அது இன்னும் என் மேசையிலதான் இருக்கு. உங்க ஊர் சுங்கத்துக்கு முழுக் கோப்பும் போகும். ரெண்டு தாளும்."

தேதி முத்திரை குத்தினார். ஐந்து மணி.

மார்ச் 13, வெள்ளி

அண்ணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு."

"அண்ணி, திங்கக்கிழமை எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ. பிளேட்டு" என்றார். நான் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. "எப்படிடி மறந்தோம்? ரெண்டு பேருக்குமா மூளை கழண்டு போச்சு?"

"முன்னாடியே போய், வண்டி மாறிடுச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. மாத்தினது நான்னு எழுதுங்க. நானும் இங்க அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"ஸ்பேனர் பிடிச்சது நீ. டார்ச் அடிச்சது நான்."

"அதெல்லாம் எழுதாதீங்க."

"சரி சரி. நீ சாப்பிட்டியா?"

முந்தாநாள் தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 14, சனி

என் பெட்டி இல்லாமலே கன்டெய்னரை மூடிவிட்டார்கள்.

மார்ச் 16, திங்கள்

அண்ணியின் செய்தி: "எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாத்தினோம்னு எழுதினேன். உன்னை மட்டும் மாட்டி விட எனக்கு வரல. கோவிச்சுக்காதே. முன்கூட்டியே சொன்னதால எச்சரிக்கையோட விட்டுடுவாங்களாம். அங்கருந்து கோப்பு வந்ததும் ஒரு தடவை போய்ப் படிச்சுக் கையெழுத்துப் போடணும்."

உன்னை மட்டும் மாட்டி விட எனக்கு வரல.

இந்த வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கோப்பு வந்தால் படிப்பார். ஒவ்வொரு பக்கமாகப் படிப்பார்.

மார்ச் 19, வியாழன்

விசாரணை. எங்கள் ஊர்ச் சுங்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது, அங்கே இறங்கியது 38தான். ஆகவே திருட்டு இல்லை. என் மேல் கேஸ் இல்லை, கடுமையான எச்சரிக்கை மட்டும். ஆனால் பிளேட்டை மாற்றிய வண்டியை நாட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். பறிமுதல். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் டார்ச் அம்மா, "வண்டியை ஒரு தடவை பாக்கணுமா?" என்றார். கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் பலகை இல்லாமல் பெட்டி அப்படியே கிடந்தது. பிளேட்டைக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடிகளைச் சுற்றியிருந்த என் சட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கும் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அழுதேன். கிடங்கு ஆட்கள் முன்னாலேயே, வெட்கமில்லாமல். வண்டிக்காக என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வண்டிக்காகவும்தான்.

மார்ச் 22, ஞாயிறு

விமானம். பக்கத்து சீட்காரர் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். சுற்றுலா என்றேன்.

மார்ச் 25, புதன்

அண்ணன் வீட்டு மாடியில்தான் என் ஜாகை. ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த அறையை அண்ணி பெருக்கித் துடைத்து, புது விரிப்புப் போட்டு வைத்திருந்தார். குளியலறையில் புது சோப்புகூட. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அதை மனசுல வச்சுக்காதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வச்சுக்கல அண்ணி என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

இப்போது சொல்லிவிட வேண்டும். இப்போதே.

மார்ச் 26, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

டிரைவிங் ஸ்கூலில் மறுபடி சேர்ந்தேன். புது மாணவி ஒருத்தி கியர் மாற்றும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறாள். ரோட்டைப் பாரும்மா என்று கத்திவிட்டேன். பாவம், கண் கலங்கிவிட்டது. என் எரிச்சல் யார்மேல் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 10, வெள்ளி

38ஐ எடுத்து வந்தோம். என் மஞ்சள் புத்தகத்தையும் அண்ணியின் கடிதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அண்ணி சொன்னார்: "என் பேர்ல இருந்தது அங்க போச்சு, உன் பேர்ல இருக்கறது இங்க வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணு மிச்சம், விடு."

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, "ரெண்டு பேரும் போனீங்க, ஒரு வண்டி வந்திருக்கு. அடுத்த தடவை ஒரு ஆள்தான் வருவீங்க போல" என்றான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாடிப்படியில் மூன்று தடவை இறங்கினேன், மூன்று தடவை ஏறினேன். கறிவேப்பிலை கேட்க வந்தேன் என்று மூன்றாவது தடவை சொன்னேன். மாடியில் எனக்கு அடுப்பே கிடையாது.

ஏப்ரல் 27, திங்கள்

கோப்பு வந்துவிட்டதாம். நாளை அண்ணி போகிறார். நானும் வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சுங்க அலுவலகம், முதல் மாடி. வழி முழுக்க ஆட்டோவில் வாய் வரை வந்து வந்து போயிற்று. அலுவலகப் படியேறும்போது, "அண்ணி, அந்தக் கோப்புல..." என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவரை மட்டும்தான் விட்டார்கள்.

கண்ணாடிக் கதவு. வெளியே நின்றால் அவர் முதுகும் கையும் தெரிந்தன. படித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துச் சீட்டு பார்க்கிற பழக்கம், ஒரு வரி விடாமல் விரலை வைத்துப் படிப்பார். ஒரு பக்கம், கையெழுத்து. இன்னொரு பக்கம், கையெழுத்து. ஆறாவது பக்கத்தில் விரல் நின்றது. மேலே போய் மறுபடி வந்தது. பேனாவை மூடினார். திறந்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு அங்கிருந்தே ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது?

வெளியே வந்தவர் கீழே வாசலுக்கு வந்து, வெயிலில் நின்று, பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை உள்ளே வைத்தார்.

"ஒண்ணுல பதினொண்ணாம் தேதி. இன்னொண்ணுல பன்னெண்டு. ஒரு நாள்தான் நடுவுல, இல்ல?"

"ஒரு நாளும் அஞ்சு மணி நேரமும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதினதைக்கூட விடு. பயத்துல எழுதியிருப்ப. அஞ்சு வாரம் என் கையால டீ வாங்கிக் குடிச்சியே, ஒரு வாய்கூடக் கசக்கலையா உனக்கு?"

"கசந்துச்சு."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, அவர் மட்டும் ஏறிக்கொண்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

டீ வரவில்லை. அண்ணன் மேலே வந்து, "என்ன சண்டை உங்களுக்குள்ள?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, விடுவிடுவென்று இறங்கிப் போனான்.

மே 4, திங்கள்

38இன் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கீழே சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "உங்க பேருக்கு மாத்திடறேன். எனக்கு வேணாம்" என்றேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் மாடியேறிய பிறகு எடுத்து உள்ளே வைத்தாரோ என்னவோ, சாயங்காலம் மேசையில் இல்லை.

மே 8, வெள்ளி

காலை ஒன்பதுக்கு அண்ணி கீழேயிருந்து குரல் கொடுத்தார். "பேர் மாத்தணும்னியே. இன்னிக்கு எனக்கு மதியம்தான் டூட்டி."

பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

போக்குவரத்து அலுவலகத்தில் கூட்டம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். முறை வந்ததும் எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"விற்பனையா, அன்பளிப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார். "அபராதம்னு எழுதுங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லைங்க."

"அப்படின்னா அன்பளிப்புன்னே போட்டுக்கோங்க. வேற என்ன பண்றது."

குரலில் சிரிப்பு இருந்ததா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்து வண்டியை அவரே எடுத்தார். கிளப்பி, ஒரு காலை ஊன்றி நின்று, பின் சீட்டைக் கண்ணால் காட்டினார். ஏறி உட்கார்ந்தேன். வீடு வருவதற்குள் ஏழு வேகத்தடை. ஒன்றில்கூட அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.